மண் சரிந்த பிறகு: நீலகிரியில் தப்பியவர்களுக்கு மருத்துவம் போய்ச் சேர ஒரு வழிகாட்டி

மண்சரிவில் தப்பியவருக்கு முதல் நாள் வைத்தியம் பெரும்பாலும் கிடைத்துவிடும். தீயணைப்பு வீரர்கள், 108 வண்டி, பக்கத்து ஹட்டிப் (படுகர் ஊர்) பையன்கள், அதிகாரிகள், டிவி கேமரா என்று எல்லாரும் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள். பிடி நழுவுவது அதற்குப் பிறகு. சட்டைப் பையில் தப்பிய பிபி மாத்திரை அட்டை தீர்ந்துபோகும் நான்காம் நாள், பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று முகாமைக் காலி செய்யச் சொல்லும் பத்தாம் நாள், கட்டுப் பிரிக்க ஊட்டிக்கு வரச் சொன்ன தேதியில் பஸ் ஓடாத இருபதாம் நாள். மருத்துவமனையும் இருக்கும், மருந்தும் இருக்கும். நோயாளிக்கும் அதற்கும் நடுவில் ஒரு பாதையோ, ஒரு தாளோ, ஒரு மொழியோ, ஒரு நாள் கூலியோ குறுக்கே நிற்கும்.

இந்த வழிகாட்டி ஊராட்சி உறுப்பினர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், எஸ்டேட் தொழிற்சங்கத்தார், கிராம சுகாதார செவிலியருக்குத் துணை நிற்கும் இளைஞர்கள் ஆகியோருக்கானது. மருத்துவம் பார்க்க இது கற்றுத் தராது. மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எங்கே அறுபடும், அதை எப்படிக் கட்டுவது என்பதுதான் பொருள்.

மழைக்கு முன்: ஒரு நோட்டு

மாவட்ட நிர்வாகம் நீலகிரியில் 283 இடங்களை ஆபத்தான இடங்கள் என்று பட்டியலிட்டு வைத்திருக்கிறது. உங்கள் ஊர் அதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மே மாதத்தில் ஒரு நோட்டு போடுங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம் போதும். எழுத வேண்டியவை:

1. தினமும் மருந்து சாப்பிடுபவர் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு சொந்தக்காரரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். அட்டையைக் கத்தரித்து விற்கும்போது பெயர் இருக்கும் துண்டு கடையிலேயே தங்கிவிடும். "வெள்ளையா, நடுவுல கோடு போட்ட மாத்திரை" என்று சொன்னால் எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது.
2. கர்ப்பிணிகளின் பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்), பிரசவத் தேதி, ரத்தப் பிரிவு.
3. டயாலிசிஸ் செய்பவர், காசநோய் மருந்து எடுப்பவர், வலிப்பு உள்ளவர், மனநல மருந்து எடுப்பவர். காசநோய்க்கு நிக்‌ஷய் என்ற அரசுப் பதிவு எண்ணை எழுதினால் எந்த அரசு மையத்திலும் மருந்தைத் தொடரலாம்.
4. அரிவாள் செல் ரத்தசோகை (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல் வளைந்துபோகும் பரம்பரை நோய்) உள்ளவர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் குடும்பங்களில் இது உண்டு. இந்த வரியை விட்டுவிடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.
5. ஆதார் எண், குடும்ப அட்டை எண், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எண். எண்கள் மட்டும் போதும், நகல் வேண்டாம்.

மேலே சொன்னவற்றில் காசநோய், மனநலம், அவற்றோடு எச்ஐவி போன்றவற்றை எல்லாரும் பார்க்கும் நோட்டில் எழுதாதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் மட்டும் இருக்கும் தனித் தாளில் எழுதுங்கள். ரகசியம் ஒரு தடவை கசிந்தால் அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நோட்டுக்கு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் செவிலியரிடமும் இன்னொன்றை மேட்டில் இருக்கும் ஒரு வீட்டில் பாலிதீன் பையில் போட்டும் வையுங்கள்.

எந்த மழை, எந்த வழி

நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவமழை குந்தா, அவலாஞ்சி, கூடலூர், பந்தலூரைப் பிடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது அப்படித்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் அடிக்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்தது, கேத்தி, குன்னூர், அச்சனக்கல் என்று பல இடங்களில் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மேட்டுப்பாளையம் சாலையே சரிந்து போனது.

ஆகவே எந்த மாதம் என்பதைப் பொறுத்து மருத்துவமனைக்குப் போகும் வழியும் மாறும். வடகிழக்கு மழையில் பர்லியாறு வழி அடைபட்டால் கோத்தகிரி – மேட்டுப்பாளையம் சாலை. அதுவும் போனால் மஞ்சூர் – கெத்தை வழி. தென்மேற்கு மழையில் நடுவட்டம் பக்கம் சரிந்தால் கூடலூர்க்காரர் ஊட்டிக்கு வர முடியாது. அவருக்கு நாடுகாணி இறங்கி மலப்புரம் பக்கமோ, சுல்தான் பத்தேரிப் பக்கமோ போவதுதான் கிட்ட. மைசூர் பக்கம் போவதென்றால், பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனத் தடை இருந்தாலும் ஆம்புலன்ஸுக்கு அது கிடையாது. நோயாளியைச் சொந்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் செக்போஸ்டில் வாக்குவாதம் செய்வதை விட, 108-க்குச் சொல்லி வண்டியை அங்கே வரவழைப்பது வேகம்.

எங்கே எது கிடைக்கும் என்றும் எழுதி வையுங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2025 ஏப்ரலில் திறந்த புதுக் கட்டடத்தில் 700 படுக்கைகள். குன்னூரில் லாலி மருத்துவமனை. கூடலூர், கோத்தகிரி, பந்தலூரில் அரசு மருத்துவமனைகள். கூடலூரில் பழங்குடியினருக்காக 1990-ல் தொடங்கிய அஸ்வினி மருத்துவமனை. கோத்தகிரியில் 1958 முதல் இயங்கும் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம். இவற்றைத் தாண்டினால் கோவை அரசு மருத்துவமனை. ஊட்டியிலிருந்து 90 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; மழை நாளில் கிலோமீட்டர் கணக்கு உதவாது, மணிக்கணக்கில் யோசியுங்கள்.

செல்போன் டவர் மின்சாரம் போன சில மணி நேரத்தில் படுத்துவிடும். சிக்னல் இருக்கும்போதே 108-க்கும், மாவட்டப் பேரிடர் எண் 1077-க்கும் பேசிவிடுங்கள். இடத்தைச் சொல்லும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) எண், வண்டி எது வரை வரும், அங்கிருந்து எத்தனை நிமிடம் நடை என்று சொல்லுங்கள்.

முதல் மூன்று நாள்

வண்டி வராத இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வர 8 அடி மூங்கில் இரண்டு, அரிசிச் சாக்கு இரண்டு போதும். சாக்கின் அடி மூலைகளைக் கிழித்து மூங்கிலை உள்ளே செருகினால் தூளி தயார். முதுகிலோ கழுத்திலோ அடி என்று சந்தேகம் வந்தால் தூளி கூடாது, கதவுப் பலகை வேண்டும். ஆறு பேர் வேண்டும். வழுக்கும் தேயிலைச் சரிவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். இறங்கும்போது கால் முன்னால், ஏறும்போது தலை முன்னால்.

சுவருக்கடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கால் மாட்டிக்கொண்டவர் வெளியே வந்ததும் எழுந்து உட்கார்ந்து பேசுவார். இவரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் கழிவும் ரத்தத்தில் இறங்கி இதயத்தையும் சிறுநீரகத்தையும் அடிக்கும். முடிந்தால் இழுப்பதற்கு முன்பே மருத்துவக் குழு வந்து சலைன் ஏற்ற வேண்டும். வெளியே எடுத்தபின் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ, போகவே இல்லை என்றாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அன்பாக இளநீர் கொடுப்பார்கள், வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம். ஓஆர்எஸ் கரைசலும் இவருக்கு வேண்டாம். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியும் வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஆகாது. மாட்டிக்கொண்டிருந்த நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் சட்டையில் குத்தி அனுப்புங்கள். மருத்துவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

மண் புகுந்த காயத்துக்கு உடனே தையல் போட மாட்டார்கள். நிறையத் தண்ணீரில் கழுவி, திறந்தபடி கட்டி, மூன்று முதல் ஐந்து நாள் கழித்துச் சீழ் இல்லையென்றால்தான் தைப்பார்கள். "தையல்கூடப் போடாம அனுப்பிட்டாங்க" என்று கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் போய்த் தைத்துக்கொண்டு, உள்ளே சீழ் பிடித்துத் திரும்ப வருவது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. டெட்டனஸ் ஊசி கடைசியாகப் போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தாலோ, எப்போது போட்டது என்று தெரியாவிட்டாலோ போட்டுக்கொள்ள வேண்டும். தெரியாது என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

பிறகு குளிர். சமவெளி வெள்ளத்துக்காக எழுதிய வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. நனைந்த துணியோடு ஊட்டியில் ஓர் இரவு என்பது தனி ஆபத்து. முதலில் ஈரத் துணியைக் கழற்றுங்கள், அடுத்து கம்பளி, அதன் பின் சூடான இனிப்புத் தேநீர். சாராயம் உடம்பைச் சூடாக்குவதுபோல் தோன்றினாலும் இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலி, வாந்தி, தூக்கம், பிறகு எழுந்திருப்பதில்லை. சமுதாயக் கூடத்தில் 60 பேர் படுத்திருக்கும்போது ஜன்னலைச் சாத்திக் கரி மூட்டுவது எல்லாரையும் சேர்த்துக் கொல்லும் வேலை. ஒரே அறையில் இரண்டு பேருக்குத் தலைவலி என்றால் உடனே கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள்.

முகாமில்: யாருக்கு முதலில்

மருத்துவக் குழு வரும்போது வரிசையில் முதலில் நிற்பவர் சளி, இருமல்காரர். கடைசியில், மூலையில் கம்பளிக்குள் படுத்திருப்பவர் வலிப்பு மருந்து தவறியவர். ஆகவே குழு வருவதற்கு முன்பே நோட்டை எடுத்து, படுக்கை படுக்கையாகப் போய்க் கேளுங்கள். "உடம்பு எப்படி இருக்கு?" என்றால் "பரவால்ல" என்றுதான் பதில் வரும். "வீட்டுல தினம் என்ன மாத்திரை சாப்பிடுவீங்க? கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள்.

24 மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டியவை: இன்சுலின், வலிப்பு மருந்து, ஆஸ்துமா இன்ஹேலர், நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, அரிவாள் செல் நோயாளிக்கு ஹைட்ராக்ஸியூரியா. மூன்று நாளுக்குள்: பிபி, சர்க்கரை மாத்திரை, காசநோய், எச்ஐவி, மனநல மருந்துகள். தைராய்டு மாத்திரை ஒரு வாரம் பொறுக்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு மருந்தை விட வண்டிதான் அவசரம். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் மூன்று நாளுக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. இவருக்கு நிவாரணப் பொட்டலத்தில் வரும் வாழைப்பழத்தைக் கொடுக்காதீர்கள், அதிலும் பொட்டாசியம்தான்.

பிபி, சர்க்கரைக்கு என்ன மருந்து என்று தெரியாவிட்டால் ஊகித்துக் கொடுக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவானவர் என்றால் அவர் மருந்து விவரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும். பெயரையும் ஊரையும் சொல்லிக் கேட்டால் போதும். இன்சுலின் திறந்த பாட்டிலை 25 – 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வெளியே வைக்கலாம், ஊட்டியில் ஃபிரிட்ஜ் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவில் வெளியே வைத்தால் உறைந்து வீணாகும். உறைந்த இன்சுலினை உருக்கிப் போடக் கூடாது.

அரிவாள் செல் உள்ளவருக்குக் குளிர், தண்ணீர் குடிக்காமை, காய்ச்சல் மூன்றும் வலியைக் கிளப்பும். முகாமில் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். கழிப்பறை தூரம் என்று தண்ணீரைக் குறைக்கும் பெண்களுக்கு இன்னும் மோசம். இவர்களுக்கு இரண்டு கம்பளி, சுடுதண்ணீர், சுவரோரமில்லாத படுக்கை. கை கால் வலி தாங்க முடியாமல் அழும் சிறுவனை "பயந்துட்டான்" என்று விட்டுவிடாதீர்கள். மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் சேர்ந்தால் அது அவசர நிலை.

இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத ஆளோடு பேச ஆரம்பிக்கும் ஆண்களைப் பார்ப்பீர்கள். அதிர்ச்சி என்பார்கள், பேய் பிடித்தது என்பார்கள். தினமும் குடித்தவருக்குக் குடி திடீரென்று நின்றால் வருவது அது. வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: எத்தனை வருடமாக, தினம் எவ்வளவு, கடைசியாக எப்போது. மனைவிக்குத் தெரியும், மற்றவர்கள் முன்னால் சொல்ல மாட்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

தண்ணீர் காய்ச்சுவதில் மலைக்கு ஒரு தனிக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் சுமார் 92 – 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே தளதளவென்று கொதி வந்தபின் மூன்று நிமிடம் விட வேண்டும். 2,000 மீட்டருக்குக் கீழே உள்ள குன்னூர், கூடலூரில் ஒரு நிமிடம் போதும். குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரம் காத்திருப்பது வழக்கம். குளிர்ந்த நீரில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரு மணி நேரம் விடுங்கள். கலங்கலான நீரைத் துணியில் வடிகட்டிய பிறகே மாத்திரை.

சேற்றில் இறங்கி மீட்பு வேலை செய்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. வாரத்துக்கு 200 மி.கி. டாக்ஸிசைக்ளின் கொடுப்பது வழக்கம். மருத்துவர் சொல்லி மட்டும் எடுக்க வேண்டும்; கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கூடாது. வெறும் வயிற்றில் போட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். சாப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். ஒன்று, இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் "சேத்துல வேலை செஞ்சேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் இதே போல்தான். அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருக்கும். திறந்த கூடத்தில் யாரும் அதைக் காட்ட மாட்டார்கள். இரண்டு சேலையைக் கயிற்றில் கட்டி ஒரு மறைப்பு செய்தால், பெண் செவிலியர் ஒருவர் இருந்தால், பாதி நோய் அன்றே தெரிந்துவிடும்.

தாள் தொலைந்தால் எந்த வரிசையில் எடுப்பது

முதலில் ஒன்றை உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள்: அவசர சிகிச்சைக்கு எந்த அட்டையும் வேண்டாம். எந்த மருத்துவரும், அரசானாலும் தனியாரானாலும், உயிரைக் காக்கும் சிகிச்சையைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனையில் "கார்டு எங்கே" என்று கேட்டால், புறநோயாளிச் சீட்டுப் போடச் சொல்லிப் பொறுமையாக நில்லுங்கள்.

அதற்குப் பிறகான எலும்பு அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. எல்லாரும் தவறு செய்வது வரிசையில். இ-சேவை மையத்துக்கு ஓடுவார்கள். ஓடிபி மண்ணுக்கடியில் இருக்கும் போனுக்குப் போகும். கைரேகை வைக்கச் சொல்வார்கள். முப்பது வருடம் கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்து, கறை படிந்து, இயந்திரம் ஏற்காது. ஆகவே இப்படி எடுங்கள்:

1. முதலில் பழைய எண்ணிலேயே நகல் சிம். இதற்கும் கைரேகை கேட்டால் கருவிழிப் பதிவைக் கேளுங்கள். முகாமுக்கே வரும்படி தொலைபேசி நிறுவனத்தாரிடம் வட்டாட்சியர் மூலம் சொல்லச் சொல்லலாம்.
2. சிம் வேலை செய்ததும் மின்-ஆதார்.
3. அடுத்து குடும்ப அட்டை நகல். அட்டை வரும்வரை எண்ணே போதும், நோட்டில் இருக்கிறது.
4. பிறகுதான் காப்பீட்டு அட்டை. மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் குடும்ப அட்டை எண்ணை வைத்துத் தேடிப் பார்ப்பார்கள். இதுவரை பதிவே இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும்.

கேரளப் பக்கமோ கோவைத் தனியார் மருத்துவமனைக்கோ போவதாக இருந்தால், சேர்க்கும் முன்பே அந்த மருத்துவமனை திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். சேர்த்துப் பணம் கட்டிய பிறகு திருப்பி வாங்குவது பெரிய பாடு. சாலை விபத்துக்கான "இன்னுயிர் காப்போம்" திட்டத்தின் 48 மணி நேர இலவசச் சிகிச்சை மண்சரிவுக்குப் பொருந்தாது. இதை நம்பித் தனியாரிடம் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஏஆர் காப்பியையும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்காமல் வராதீர்கள். 2022–26 பேரிடர் நிவாரண நிதி விதிகளில், பலத்த காயத்தோடு ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தவருக்கு 16,000 ரூபாய், அதற்குக் குறைவாக இருந்தவருக்கு 5,400 ரூபாய். வித்தியாசத்தை முடிவு செய்வது அந்தத் தாளில் உள்ள இரண்டு தேதிகள்தான். 40 முதல் 60 சதவீத ஊனத்துக்கு 74,000, அதற்கு மேல் 2.5 லட்சம், அரசு மருத்துவர் சான்று கட்டாயம். ஏஆர் பதிவில் "கீழே விழுந்தார்" என்று எழுதியிருந்தால் பேரிடரோடு தொடர்பே இல்லாமல் போய்விடும். "மண்சரிவில் சுவர் இடிந்து" என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வரிசையில் நிற்காதவர்கள்

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று வகைப்படுத்திய ஆறு இனமும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். காட்டோரக் குடியிருப்பிலிருந்து முகாமுக்கு வந்த பணியர் குடும்பம் இரண்டாம் நாள் இரவில் சொல்லாமல் கிளம்பிவிடும். நன்றிகெட்டவர்கள் என்று முணுமுணுப்பு எழும். சமைக்கும் இடத்தில் தள்ளி உட்காரவைத்தது, பெயர் கேட்காமல் "ஏய்" என்று கூப்பிட்டது, நோயாளியைத் தனியாக ஊட்டிக்கு அனுப்பச் சொன்னது, இதெல்லாம் அந்த முணுமுணுப்பில் வராது. நோயாளியோடு இரண்டு சொந்தக்காரர் போக அனுமதி கேளுங்கள். அவர்கள் மொழி பேசும் சுகாதாரப் பணியாளரை முதலிலேயே அழையுங்கள். முகாமை விட்டுப் போனவர்களைத் தேடி மருந்து போக வேண்டும்.

எஸ்டேட் லைன்களில் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்துத் தொழிலாளர்கள் இப்போது நிறைய. குடும்ப அட்டை அவர்கள் ஊரில் இருக்கும். ஆயுஷ்மான் அட்டை இருந்தால் இங்குள்ள பட்டியல் மருத்துவமனையிலும் செல்லும்; உதவி எண் 14555. மொழி தெரியாததால் மேஸ்திரி ஒருவரே எல்லாருக்கும் பேசுவார். காயத்தைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று அவரிடமே மறைப்பார்கள். இந்தி தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். டிஸ்பென்சரியும் சிகிச்சையும் 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்ட காலத்திலிருந்து நிர்வாகத்தின் பொறுப்பு. வீடு இடிந்ததால் அந்தப் பொறுப்பு இடிந்துவிடாது.

2024 ஜூலை 30-ல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததுபோல் எல்லைக்கு அந்தப் பக்கம் சரிந்தால், அங்கே வேலைக்குப் போன கூடலூர், பந்தலூர்க் குடும்பங்கள் சிகிச்சையின் நடுவில் ஊர் திரும்பும். கையில் மலையாளத்தில் எழுதிய சீட்டு, இங்கே அவர்கள் பெயர் எந்த முகாம் பட்டியலிலும் கிடையாது. சீட்டைக் கூடலூரிலேயே மொழிபெயர்த்து எழுதி, இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதுப் பதிவு போடுங்கள்.

கண்ணாடி, பல்செட், காதுக் கருவி தொலைத்த முதியவரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கண்ணாடி இல்லாதவர் காலை மாத்திரையை இரவிலும் போட்டுக்கொள்வார். அட்டையில் சூரியன், நிலா படம் வரைந்து கொடுங்கள்.

முகாம் மூடிய பிறகு

முகாமை மூடும் தேதி தெரிந்ததும் ஒவ்வொருவருக்கும் 30 நாள் மருந்தைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியை மழை வானிலையைப் பார்த்து, ஒரே ஊர்க்காரர்களுக்கு ஒரே நாளாகக் கேட்டு வாங்குங்கள். ஆறு பேர் சேர்ந்தால் ஒரு ஜீப் வாடகை பங்காகும். சாதாரண அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2024-ல் இந்த மாவட்டத்துக்கும் வந்தது. ஆனால் பலரை நிறுத்துவது பஸ் காசு கிடையாது, பறிக்காமல் விட்ட ஒரு நாள் கொழுந்தின் கூலி. கட்டு மாற்றுவதற்கு ஊட்டி வரை போகத் தேவையில்லை. துணை சுகாதார நிலையத்திலேயே மாற்ற எழுதித் தரும்படி கேளுங்கள்.

தூக்கமின்மை, திடுக்கிடல், தகரக் கூரையில் மழை விழுந்தாலே எழுந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது எல்லாம் முதல் சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், சொன்னால் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் குறையவில்லை என்றாலோ, சாப்பாட்டையும் வேலையையும் விட்டுவிட்டாலோ, "நானும் போயிருக்கலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ மாவட்ட மனநலக் குழுவுக்குச் சொல்லுங்கள். 14416-க்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம். தூக்க மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எங்கேயாவது அடைபட்டால் வாய்ச் சொல்லாக நிறுத்தாமல் எழுத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு, அல்லது முதலமைச்சர் உதவி மைய எண் 1100. மனுவில் பொதுவாக "மருத்துவ வசதி இல்லை" என்று எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். "இன்ன லைனில் 4 பேருக்கு வலிப்பு மருந்து 9 நாளாக இல்லை" என்று எழுதுங்கள்.

நோட்டில் ஒருவரின் பெயரை எப்போது அடிப்பது என்பதற்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். காயம் ஆறி மருத்துவர் இனி வர வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், தினசரி மருந்து பழைய இடத்திலிருந்தே வரத் தொடங்கியிருக்க வேண்டும், நிவாரணத் தொகை கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஊரை விட்டுப் போனவர் பெயரை அதனால் மட்டும் அடிக்காதீர்கள். போன இடம், அங்குள்ள கிராம சுகாதார செவிலியரின் எண், அவரிடம் பேசிய தேதி மூன்றையும் பக்கத்தில் எழுதிய பிறகு அடியுங்கள்.